நேப்பிள்ஸில் பத்து யூரோ ஒயினும் ஆறு யூரோ பீட்சாவும்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியில் இருந்து ஒரே ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மற்றதை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பீட்சாவோடு குடிக்க விலை கூடிய சிவப்பு ஒயின் வாங்காதீர்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நான்கு நாள் இருந்து, கைக்காசைத் தொலைத்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

தொலைத்தது விமான நிலைய வாசலிலேயே ஆரம்பித்தது. நானும் நண்பனும் இரண்டு பைகளோடு ஒரு டாக்ஸியில் ஏறினோம். இறங்கும்போது ஓட்டுநர் 35 யூரோ கேட்டார். பைக்குத் தனி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அங்கே டாக்ஸிக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஏறுவதற்கு முன்பே "தாரிஃபா பிரேதெதெர்மினாதா" என்று சொல்லிக் கேட்டால்தான் அது செல்லும். இதெல்லாம் மறுநாள்தான் தெரிந்தது. அலிபுஸ் என்ற பேருந்தில் ஏறியிருந்தால் ஆளுக்கு 5 யூரோவில் ரயில் நிலையத்துக்கு வந்திருக்கலாம். போன 25 யூரோவில் நான்கு பீட்சா சாப்பிட்டிருக்கலாம். இன்னும் வயிறு எரிகிறது.

அந்த எரிச்சலோடு, அன்று இரவு கடற்கரைப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த ஒரு உணவகத்தில் போய் உட்கார்ந்தோம். காரமான சலாமி போட்ட தியாவோலா பீட்சா சொன்னோம். "இதற்கு எங்கள் ஊரின் பெரிய ஒயின்தான் சரி" என்று பரிமாறுபவர் ஒரு தௌராசி பாட்டிலைக் கொண்டுவந்து திறந்துவிட்டார். 42 யூரோ. தௌராசி நல்ல ஒயின்தான், அதில் சந்தேகமே இல்லை. அல்யானிகோ திராட்சையில் செய்து, குறைந்தது மூன்று வருடம் வைத்திருந்துதான் விற்பார்கள். ஆனால் அதன் துவர்ப்பு பாக்கைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடிக்கிறது. அதோடு மிளகாய்க் காரமும் சேர்ந்ததும் வாயெல்லாம் தீ. ஆல்கஹால் கூடிய ஒயின் காரத்தைத் தணிக்காது, ஏற்றிவிடும். தக்காளியின் புளிப்பில் ஒயின் கசந்து, பீட்சாவும் ருசிக்கவில்லை.

"மச்சான், ஆட்டுக்கறியோட குடிக்க வேண்டியதை இதோட குடிக்கிறோம்டா" என்றான் நண்பன். அவன் சொன்னது அத்தனையும் சரி. மேசையில் உட்கார்ந்ததற்கான "கோபெர்த்தோ" ஆளுக்கு 3 யூரோ, தண்ணீர், பீட்சா எல்லாம் சேர்த்து 76 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே அறைக்கு நடந்தோம்.

மறுநாள், எரிமலையில் புதைந்துபோன பழைய நகரமான பொம்பெய் பார்த்தோம். நல்ல வெயில், நிறையக் கல். சாயங்காலம் பழைய நகரத்தின் தெருவான வியா தெய் திரிபுனாலிக்கு வந்தோம். ஒரு கடை வாசலில் பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்றோம். அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை.

கண்ணெதிரே விறகடுப்பு. மாவைக் கையாலேயே தட்டி விரித்து, தக்காளியைக் கரண்டியால் வட்டமாகத் தேய்த்து, மொசரெல்லா பாலாடைக்கட்டியைப் பிய்த்துப் போட்டு, துளசி மாதிரியான பேசில் இலை இரண்டு வைத்து உள்ளே தள்ளுகிறார்கள். 485 டிகிரிச் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து வெளியே வருகிறது. இந்தக் கைத்தொழிலைத்தான் 2017-இல் யுனெஸ்கோ பாரம்பரியமாக அங்கீகரித்தது. ஓரம் உப்பி, அங்கங்கே கருகிப் புள்ளிபுள்ளியாக இருக்கிறது. நடுவில் தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டித் தண்ணீரும் எண்ணெயும் தளும்புகின்றன. இந்த மார்கரீட்டா பீட்சா 6 யூரோ.

பக்கத்து மேசையில் வயதான ஒரு தம்பதி. அவர்களுடைய சிவப்பு ஒயின் ஐஸ் வாளிக்குள் இருந்தது. பாட்டிலைச் சாய்த்ததும் கிளாஸில் ஊதா நுரை விளிம்புவரை பொங்கி, நாவல்பழச் சாறு போலப் படிந்து அடங்கியது. அதையே எங்களுக்கும் கொடுங்கள் என்று கையைக் காட்டினோம். பெயர் கிரான்யானோ. பாட்டில் 10 யூரோ.

கிரான்யானோ சொரெந்தோ தீபகற்பத்தில் உள்ள ஒரு ஊர், பாஸ்தாவுக்குப் பேர்போனது. பியெதிரோஸ்ஸோ, அல்யானிகோ போன்ற உள்ளூர்த் திராட்சைகளில் செய்யும் இந்த ஒயினை குளிரவைத்துத்தான் குடிக்க வேண்டும். துவர்ப்பு லேசாக, புளிப்பு தூக்கலாக, மெல்லிய வாயுவோடு இருக்கிறது. தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு இதில் இருக்கிறது. பாலாடைக்கட்டியின் கொழுப்பு நாக்கில் படிய விடாமல் குமிழிகள் கழுவிவிடுகின்றன. அடுத்த வாய் முதல் வாய் போலவே புதிதாக இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டு பீட்சா, ஒரு பாட்டில், கோபெர்த்தோ எல்லாம் சேர்த்து 25 யூரோ. முந்தின இரவு ஒயினுக்கு மட்டும் கொடுத்ததைவிட 17 யூரோ குறைவு!

அப்புறம் மீதி இரண்டு நாளும் இதே வேலைதான். இத்தாலியர்கள் நிறையப் பேர் பீட்சாவோடு பீர்தான் குடிக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். அது அவர்கள் இஷ்டம். ஒரு சந்தில், பீப்பாயிலிருந்து லிட்டர் கணக்கில் ஒயின் ஊற்றித் தரும் கடை இருந்தது. இதற்கு "வீனோ ஸ்ஃபூஸோ" என்று பெயர். காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் லிட்டர் இரண்டரை யூரோ. தெருவில் நாலாக மடித்துத் தரும் பீட்சா 2 யூரோ. இரண்டையும் அறைக்கு எடுத்துவந்து பால்கனியில் சாப்பிட்டோம். பாலாடைக்கட்டியே இல்லாமல், பூண்டும் ஒரேகானோவும் தக்காளியும் மட்டும் போட்ட மரினாராவுக்கு வெசுவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் லாக்ரிமா கிறிஸ்தி சிவப்பு ஒயின் நன்றாகப் பொருந்தியது. பன்றி இறைச்சி சாசேஜும் ஃப்ரியாரியெல்லி என்ற கசப்புக் கீரையும் போட்ட பீட்சாவுக்குக் கொஞ்சம் கனமானது வேண்டும். அதற்கு மோன்டெபுல்ச்சானோ தாப்ருட்ஸோ வாங்கினோம், சூப்பர் மார்க்கெட்டில் 5 யூரோ. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இங்கே மோன்டெபுல்ச்சானோ என்பது திராட்சையின் பெயர். "வீனோ நோபிலே தி மோன்டெபுல்ச்சானோ" என்றால் தொஸ்கானாவில் உள்ள ஊரின் பெயர். திராட்சை வேறு, விலையும் அதிகம். மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

இந்த மூன்றும் கிடைக்காத இடத்தில் வடக்கு இத்தாலியின் பார்பெரா என்ற சிவப்பு ஒயினைத் தேடுங்கள். புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு, பீட்சாவுக்கென்றே பிறந்தது மாதிரி. காரமான தியாவோலாவுக்கு, லாம்ப்ருஸ்கோ என்ற நுரைக்கும் சிவப்பு ஒயினில் இனிப்பில்லாததாக வாங்கிக் குளிரக் குளிரக் குடியுங்கள். முதல் நாள் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

தங்கிய இடம், ரயில் டிக்கெட், நாள்வாரிச் செலவுக் கணக்கெல்லாம் அடுத்த பதிவில் தருகிறேன். ஃபிரிட்ஜில் இருப்பது, லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்த கிரான்யானோ. அதை வருடக்கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது, இளசாகவே குடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பன் வருகிறான். மாவை சனிக்கிழமை ராத்திரியே பிசைந்து வைக்கப் போகிறேன்.