வீங்கிய விரல்கள்

இன்று காலை இன்சுலின் பேனாவின் பொத்தானை அம்மாவால் அழுத்த முடியவில்லை. முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் நெல்லிக்காய்போல் வீங்கியிருக்கின்றன. "நீயே போட்டுவிடு கண்ணு" என்று நீட்டினார்.

ஊசியின் நுனியில் ஒரு துளி திரண்டு நின்றது. அதைப் பார்த்ததும் டோரதி ஹாட்ஜ்கின் நினைவுக்கு வந்தார்.

இங்கிலாந்தின் வேதியியலாளர். அவருக்கும் அம்மாவைப்போல் முடக்குவாதம்தான். இருபத்து நான்கு வயதிலேயே கைகளைத் தாக்கிவிட்டது.

அந்தக் கைகளால்தான் 1935-இல் ஆக்ஸ்போர்டில் இன்சுலின் படிகத்தை எக்ஸ்-கதிரில் படம் பிடித்தார். ஒளிப்படத் தட்டில் புள்ளிகள் தெரிந்த அன்றிரவு மகிழ்ச்சி தாளாமல் தெருத்தெருவாக நடந்தாராம்.

அந்தப் புள்ளிகளிலிருந்து இன்சுலின் மூலக்கூறின் முழு வடிவத்தை எட்டியது 1969-இல். 34 ஆண்டுகள்! இடையில் பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் வடிவங்களைக் கண்டறிந்தார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், 1964-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்சுலினை மட்டும் கைவிடவே இல்லை.

ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாக அணுக்களைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் அந்த வடிவத்தை முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! எனக்கு நினைத்தாலே சிலிர்க்கிறது.

சிற்பி ஹென்றி மூர் 1978-இல் அவருடைய கைகளை மட்டும் ஓவியமாகத் தீட்டினார். கோணிய விரல்கள், புடைத்த கணுக்கள்.

கைப்பேசியில் அந்த ஓவியத்தை அம்மாவிடம் காட்டினேன். தன் கையைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.