அதே யூனிட்தானா, சிஸ்டர்?

பெரியவர் கேட்டது இதை மட்டும்தான். "அதேதான் ஐயா. மருந்துதான் மாறியிருக்கு, அளவு மாறல" என்றேன். இன்சுலின் சீட்டிலும் காலை 40 யூனிட், இரவு 24 என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில், சட்டை நனைய வியர்த்து, தன் பெயரே சொல்லத் தெரியாமல் வந்து சேர்ந்தார். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பல வருடமாக மாட்டு இன்சுலின், அதாவது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது, போட்டவர். இரண்டு தொடையிலும் கட்டைவிரல் புதையும் குழி. தொட்டால் தோலுக்கடியில் கொழுப்பே தட்டுப்படாது. மனித உடம்பில் சுரப்பதைப் போலவே தயாரிக்கும் மனித இன்சுலினுக்கு மாற்றியதே அதற்காகத்தான். இரண்டுக்கும் 3 அமினோ அமிலம் வித்தியாசம், பன்றி இன்சுலின் என்றால் 1. அதற்கே உடம்பு ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி, போட்ட இன்சுலினில் ஒரு பங்கை ரத்தத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. 1956இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பெர்சனும் யாலோவும் இதைக் கட்டுரையாக எழுதியபோது, 'ஆன்டிபாடி' என்ற சொல்லையே தலைப்பில் போட விடவில்லையாம். இவ்வளவு சின்னப் புரதத்துக்கா என்று சந்தேகம்.

மாட்டிலிருந்து மனிதத்துக்கு மாற்றினால் சுமார் 10% குறைத்துத் தொடங்க வேண்டும். எனக்கு அது தெரியும். அளவை மாற்றுவது என் வேலை இல்லை, சரி. "டாக்டர், அதே அளவா?" என்று ஒரு வார்த்தை கேட்பது? பெரியவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஆன்டிபாடி மூன்று நாளில் கரைந்துபோகாது. மாதக்கணக்கில் இருக்கும், மனித இன்சுலினையும் பிடிக்கும். அப்படியானால் அளவு மட்டும்தான் காரணமா? இப்படி யோசித்து ஆறுதலடையும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வரும்: "குழியில போடாதீங்க, வயித்துல போடுங்க" என்றதும் நான்தான். வயிற்றில் போட்டால் இன்சுலின் சீக்கிரம் ஏறும். புது இன்சுலினைக் குழியின் ஓரத்தில் போட்டுவந்தால் குழியே மெல்ல நிரம்பும் என்று பிறகுதான் படித்தேன்.

மயங்கி வந்ததற்கு முந்தின இரவு அவர் பாதிதான் சாப்பிட்டார் என்று மகள் சொன்னாள். அதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அளவைக் குறைத்து அனுப்பினார்கள். அடுத்த முறை சீட்டை நீட்டியபடி அவர் கேட்டார்: "அதே யூனிட்தானா, சிஸ்டர்?" வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.