டி.சி. இல்லாமல் ஆறாம் வகுப்பு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை எனக்கு. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட அரைகுறை இந்தியால், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் எதற்கென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். 2013 ஜூனில் லாத்தேஹார் மாவட்டத்துக்காரர் ஒருவர் பதினோரு வயது மகளோடு வந்தார். பள்ளியில் சேர்க்க வேண்டுமாம்.

பள்ளியில் முதல் கேள்வியே டி.சி. எங்கே என்பதுதான். "ஊருக்கு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க சார்."

ஊரில் யாரிடம் வாங்குவது? அவர்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில் மாவோயிஸ்டுகளை எதிர்க்க வந்த பாதுகாப்புப் படை தங்கியிருந்தது. மொட்டைமாடியில் மணல் மூட்டை, கீழே ஒரே அறையில் எல்லா வகுப்பும். படை கிளம்பியதும், திரும்ப வந்து தங்கிவிடக் கூடாதென்று ஒரு ராத்திரி மாவோயிஸ்டுகள் வெடிவைத்துவிட்டார்கள். 2009-இல் ஜார்க்கண்டிலும் பீகாரிலும் இப்படிப் பல பள்ளிகள் போயின. 2011-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளைவிட்டுப் படைகளை வெளியேற்றச் சொன்னது சத்தீஸ்கரை. இந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன? பதிவேடு இடிபாட்டில், வாத்தியார் வருவதே இல்லை, படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது.

நான் செய்த தப்பு, முத்திரைத்தாளும் நோட்டரியுமாக ஒரு வாரம் அலைந்தது. அது தேவையே இல்லை. வட்டார வள மையத்தில் ஓர் ஆசிரியப் பயிற்றுநர் 2009 கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார்: டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. வயது பதினொன்றா, ஆறாம் வகுப்புதான். விட்டுப்போனதற்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி. அவளை இரண்டாம் வகுப்பில் உட்காரவைக்க அப்பாவே தயாராக இருந்தார்!

மறுபடி போனோம். தலைமையாசிரியை மோசமானவர் இல்லை, தணிக்கையில் யாராவது கேட்பார்களே என்ற பயம். சட்டத்தின் நகலைக் கோப்பில் சேர்த்ததும் முகம் தெளிந்தது. 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது.

"பள்ளிக்கூடம் இப்ப இருக்கா?"

இந்தியில் கேட்டுச் சொன்னேன்: "இடம் இருக்காம்."

பெயரை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பெண் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். சரிவான தகரக் கூரை. அப்பாவிடம் அவர்கள் ஊர் மொழியான சாத்ரியில் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். என்னவென்று கேட்டேன்.

"இதுமேல யாரும் ஏறி உட்கார முடியாதுன்னு சொல்றா."