அலமாரி எண் பார்த்து நூல் தேடிய ஒரு வருடம்

போன பொங்கல் விடுமுறையில் வீட்டுப் புத்தக அலமாரியைத் தூசி தட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். மொத்தம் 163. அதில் 149 நாவலும் சிறுகதையும். மிச்சத்தில் இரண்டு அகராதி, நாலு சமையல், சில பரிசாக வந்தவை. இருபது வருடமாக விடாமல் படிக்கிறேன். ஆனாலும் பறவைகளைப் பற்றித் தமிழில் யார் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டால் சொல்ல எனக்கு ஒரு பெயர் இல்லை. அது உறுத்தியது.

நாவல் என்றால் எனக்கு வழி தெரியும். பிடித்த எழுத்தாளர் யாரைப் பாராட்டியிருக்கிறார் என்று பார்த்தால் போதும், அடுத்தது கிடைத்துவிடும். தெரியாத துறையில் அப்படிக் கைபிடித்துக் கூட்டிப்போக யாரும் இல்லை. அதனால் எங்கள் கிளை நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையே வழியாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். 1876-இல் மெல்வில் டூயி உண்டாக்கிய பகுப்பு முறை அது. அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெரும் பிரிவாகப் பிரித்து எண் கொடுத்தார். 500 அறிவியல், 630 வேளாண்மை, 780 இசை என்று போகும். நான் வழக்கமாக நிற்கும் தமிழ் இலக்கிய அலமாரி 894.811. அந்த ஒரு எண்ணை மட்டும் ஒரு வருடத்துக்குத் தள்ளிவைத்தேன்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள் கொஞ்சம்தான். மாதம் ஒரு எண். இணையத்தில் உலவும் ‘படித்தே ஆக வேண்டிய நூறு நூல்கள்’ பட்டியல்களைப் பார்ப்பதில்லை. ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிப்ரவரி, 598. பறவைகள். அந்த இடத்தில் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் இரண்டு மட்டும் இருந்தன. ஏமாற்றத்தோடு திரும்பும்போது, வாழ்க்கை வரலாற்று அலமாரியில் பறவையியலாளர் சலீம் அலியின் தன்வரலாறு தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைத்தது. சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுடுகிறார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. அது என்ன குருவி என்று தெரியாமல் மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைக்கிறார். அங்கே செயலராக இருந்த மில்லார்டு, அலமாரி அலமாரியாகப் பாடம்செய்த பறவைகளை இழுத்துக் காட்டுகிறார். ஒரு வாழ்க்கையின் திசையே அந்த அறையில் திரும்புகிறது. இரண்டு நாளில் முடித்தேன். ஒரு துறையின் நல்ல நூல் அந்தத் துறையின் எண்ணில்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்பது அப்போது பிடிபட்டது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கையில் வந்தது. முன்னுரையைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இவர் அ. மாதவையாவின் மகன். ‘பத்மாவதி சரித்திர’த்தைக் கல்லூரி நாளிலேயே படித்தவன் நான். அப்பாவின் நாவல் வரைக்கும் வந்து, மகன் எழுதிய அணிலையும் குயிலையும் பார்க்காமலே இத்தனை வருடம் திரும்பிப் போயிருக்கிறேன். கிருஷ்ணனின் தமிழ் சுருக்கமானது, கண் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் வைக்காதது. காட்டுயிர் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் இதில் ஆரம்பிக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

மார்ச், 330. பொருளாதாரம். மூன்று புத்தகம் எடுத்தேன், மூன்றும் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. நாலாவதை விலை கொடுத்து வாங்கினேன். அதில் ஒரு ஃபாரமே, பதினாறு பக்கம், கட்டப்படவில்லை. மாற்றித் தரக் கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அந்த மாதம் வீண்.

ஏப்ரல், 530. இயற்பியல். யாகவ் பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’, மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ்ப் பதிப்பு, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ரஷ்ய மொழியில் முதலில் வந்தது 1913-இல். இந்த நூலைப் பற்றி மட்டும் நோட்டில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். தொடக்கத்திலேயே ஒரு கேள்வி: சூரியனைச் சுற்றி நாம் வேகமாகப் போவது பகலிலா, இரவிலா? கேள்வியே தப்பு, பூமி ஒன்றுதானே என்று தோன்றியது. எலுமிச்சம்பழத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, மேசை விளக்கைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பூமி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. தன்னைத் தானே சுற்றுவதால் நிலநடுக்கோட்டில் இருப்பவருக்கு விநாடிக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான இன்னொரு வேகமும் உண்டு. நள்ளிரவில் இரண்டும் ஒரே திசை, கூடுகிறது. நண்பகலில் எதிர்த் திசை, கழிகிறது. ஆக, இரவில்தான் வேகம். பள்ளியில் மனப்பாடம் செய்த விஷயம் நாற்பத்திரண்டு வயதில் கைக்குள் சுழன்றது. பெரெல்மான் 1942-இல், லெனின்கிராடு முற்றுகையின்போது இறந்துபோனார் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

மே, 910. பயணம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. ஜானகிராமனின் நாவல்கள் எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. இது மட்டும் இல்லை. அங்கிருந்து ஏ. கே. செட்டியார். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றி, 1940-இல் அதை வெளியிட்டவர். தான் போன ஊர்களைப் பற்றி எழுதியதோடு நிற்காமல், மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்திருக்கிறார். பழைய தமிழ் உரைநடை இவ்வளவு ருசிக்கும் என்று தெரிந்ததும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குப் போனேன். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியது. எல்லாத் தொகுதியும் படிக்கவில்லை, ஒன்றுதான். முதல் பத்துப் பக்கம் அந்த நடை வழிமறிக்கும். வாய்விட்டுப் படித்தால் திறந்துகொள்கிறது.

இந்தக் கட்டத்தில் நோட்டைத் திரும்பப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எண் என்னை அலமாரி வரை கொண்டுபோனது. புத்தகத்துக்குக் கூட்டிப்போனது பெரும்பாலும் நான் முன்பே அறிந்த ஒரு மனிதர்.

ஜூன், 630. வேளாண்மை. மசனோபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. யோகோஹாமா சுங்கத்துறையில் தாவர நோய் ஆய்வு வேலையை விட்டுவிட்டு, ஷிகோகு தீவில் அப்பாவின் நிலத்துக்குத் திரும்பியவர். உழவு வேண்டாம், அறுத்த வைக்கோலை அப்படியே வயலில் பரப்பு, விதையைக் களிமண் உருண்டையில் வைத்து வீசு என்கிறார். படித்த வேகத்தில் பேரையூரில் இருக்கும் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர். ஒரு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, நல்லாத்தான் எழுதியிருக்காரு. வைக்கோலை வயல்ல போட்டுட்டா என் மாட்டுக்கு நான் என்னத்தப் போடுவேன்? இதுக்கு நம்ம கல்லுப்பட்டி குமரப்பாவைப் படி.”

நான் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். தஞ்சாவூரில் பிறந்து, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்த ஜே. சி. குமரப்பா கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960 ஜனவரி 30-இல் மறைந்தார். மாமாவின் அப்பா அவரை நேரில் பார்த்தவராம்.

ஜூலை. குமரப்பாவைத் தேடியபோதுதான் மார்ச் மாதத் தோல்வி ஏன் என்று விளங்கியது. நூலகர் அம்மாவிடம் சொன்னேன். நான் திருப்பித் தந்த புத்தகங்களை அவர் மறக்கவில்லை. “தம்பி, நீங்க அட்டையைப் பாத்து எடுக்குறீங்க. பின்னாலிருந்து பாருங்க” என்றார். கடைசிப் பக்கங்களில் துணைநூல் பட்டியல் உண்டா, அதில் வேறு யாருடைய நூல்கள் இருக்கின்றன, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு உண்டா, முதல் பதிப்பு எந்த வருடம், எத்தனை முறை மறுபதிப்பு. அப்புறம் நடுவில் இரண்டு பக்கம். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பத்தியை மெதுவாக வாய்விட்டு. மார்ச்சில் எடுத்த மூன்றையும் மறுபடி இறக்கிப் பார்த்தேன். ஒன்றில்கூடத் துணைநூல் பட்டியல் இல்லை. எங்கே படித்து எழுதினார்கள் என்று வாசகனுக்குச் சொல்லவே இல்லை.

பேச்சுவாக்கில் அந்த அம்மா ரங்கநாதனையும் நினைவுபடுத்தினார். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலக அறிவியலுக்கு அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. குமரப்பாவின் நூல் அதே 330-இல், கீழ்த்தட்டில்தான் இருந்தது. பின்னால் ஒட்டிய தவணைச் சீட்டில் கடைசி முத்திரை 1997.

சிறையில் இருந்தபோது எழுதி 1945-இல் வெளியான நூலின் தமிழாக்கம் அது. பொருளாதாரத்தை இயற்கையிலிருந்து ஆரம்பிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தான் வளர்க்காத மாந்தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு இன்னொன்று. கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என்று படிப்படியாக ஏறுகிறது. மார்ச்சில் எனக்கு மூடியிருந்த துறை இந்த ஐந்து உயிர்களால் திறந்தது. வைக்கோல், மாடு, எரு என்று மாமா கேட்டது எந்தக் கணக்கு என்பதும் புரிந்தது.

ஆகஸ்ட், 780. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’, 1917. இசைப் பயிற்சி இல்லாமல் அதற்குள் போக முடியவில்லை. ஒரு சித்த மருத்துவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்ற வியப்போடு வைத்துவிட்டேன். கற்றுக்கொண்டு திரும்பி வருவேன்.

செப்டம்பரிலிருந்து பெரிய நூலகத்துக்கும் போகிறேன். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. ஞாயிறு காலை அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். இணையத்தில் கலைக்களஞ்சியம் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. புது எண்ணுக்குள் நுழையும் முன் அந்தத் துறையின் கட்டுரையை அதில் ஒருமுறை படித்துவிடுகிறேன். தகவல் பழசாக இருக்கலாம். துறையின் சொற்கள் கைக்கு வந்துவிடுகின்றன, அலமாரி முன்னால் நிற்கும்போது மிரட்சி வருவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு மறுபடி எண்ணினேன். 184. புதிதாக வந்த இருபத்தொன்றில் நாவல் ஒன்றே ஒன்று, அதுவும் தங்கை கொடுத்தது. விதிப்படி 894.811 இப்போது திறந்துவிட்டது. ஆனால் மேசையில் 510 காத்திருக்கிறது. தமிழில் நல்ல கணித நூல் ஒன்று, துணைநூல் பட்டியலோடு, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.