படகுப் பட்டியல் ஊர் கைக்குப் போன விதம்

2005 பெப்ரவரியில் இலங்கையின் கிழக்கே அம்பாறைக் கரையோரத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். சுனாமி அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படகு இழந்தவர்களின் பட்டியல் எடுப்பதுதான் வேலை. படிவம் தயாராகவே வந்தது: பெயர், அடையாள அட்டை இலக்கம், படகு சொந்தமா இல்லையா.

முதல் நாளே ஒரு பெரியவர் மறித்தார். “தம்பி, எல்லாருக்கும் தோணி குடுத்தா கரைவலை இழுக்க ஆர் வாறது?”

கரைவலை என்பது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை; அதை இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும். வலையும் தோணியும் முதலாளியான சம்மாட்டிக்குச் சொந்தம். இழுப்பவர்களுக்கு மீனில் பங்கு. அவர்களுக்குப் படிவத்தில் இடமே இல்லை. கூடையில் மீன் கொண்டுபோய் விற்ற பெண்களுக்கும் இல்லை.

எங்கள் ஊர் தமிழ் ஊர், பக்கத்தது முஸ்லிம் ஊர். நடுவில் ஒரு ஒழுங்கைதான். ஒரு பக்கம் படகு முதலில் இறங்கினால் மறுபக்கம் என்ன பேச்சு வரும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் எங்கள் நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்கு எழுதினேன். “நாங்கள் அரசியலில் தலையிடுவதில்லை” என்று பதில் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கிருந்து ஒருவர் நேரில் வந்து இரண்டு ஊரிலும் உட்கார்ந்து கேட்ட பிறகே இளகினார்கள்.

அப்புறம் ஊர்களே குழு அமைத்தன. கடற்றொழில் சங்கம், கோயில், பள்ளிவாசல், மாதர் சங்கம். சங்கத் தலைவரே ஒரு சம்மாட்டி. உள்ளூர்க் குழு என்பதாலேயே அது நியாயமாக நடந்துவிடாது என்று அங்கேதான் படித்தேன். வலை இழுப்பவர்களுக்கென்று தனியாக இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். பட்டியலைப் பாடசாலை முற்றத்தில் இரண்டு ஊருக்கும் முன்னால் பெயர் பெயராக வாசித்தோம். “இவருக்கு எப்ப படகு இருந்தது?” என்ற கேள்வி அங்கேயே எழுந்தது, அங்கேயே தீர்ந்தது.

ஜூனில் அரசும் புலிகளும் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பில், அதாவது நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்கும் உடன்பாட்டில், கையெழுத்திட்டார்கள். முஸ்லிம்களை ஒரு தரப்பாகச் சேர்க்கவில்லை என்ற கோபம் பக்கத்து ஊரில் பெரிதாக இருந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அந்த வாரங்களிலும் எங்கள் குழு ஒன்றாகவே கூடியது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியில் நாங்கள் கொடுத்த உதவியில் படகுகள் குறைந்து, கரைவலைகளும் இயந்திரத் திருத்த வேலையும் கூடின. மீன் விற்கும் பெண்களுக்குத் தராசும் மீன் கெடாமல் வைக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியும் கிடைத்தன. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற அரசின் அப்போதைய தடையை மட்டும் எங்களால் அசைக்க முடியவில்லை. படகு கரையில், ஆட்கள் தூரத்து முகாமில் என்றே அந்த மாரி வரை கழிந்தது.