ஏப்ரல் நாட்குறிப்பு: கான்வி, லான்ரூஸ்ட், போமாரிஸ்

ஏப்ரல் 3

கடிதம் வரவில்லை. வீட்டிலேயே இருந்தால் நாள் முழுவதும் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று இவர் சொன்னதால் வட வேல்ஸில் உள்ள கான்விக்குப் புறப்பட்டோம். 1283 முதல் 1287 வரை இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு கட்டுவித்த கோட்டையின் எட்டுக் கோபுரங்களையும் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேல்ஸ் இளவரசன் மகா லெவெலின் 1240இல் அடக்கம் செய்யப்பட்ட அபெர்கான்வி மடம் இங்கேதான் இருந்தது. துறவிகளைப் பள்ளத்தாக்கின் உட்புறம் மைனனுக்கு அனுப்பிவிட்டு, வேல்ஸ் இளவரசனின் கல்லறை இருந்த மண்ணிலேயே எட்வர்டு தன் நகரை எழுப்பியது வெறும் பாதுகாப்புக்காக என்று என்னால் நம்ப முடியவில்லை. சுழல்படிகளில் இவர் ஏறவில்லை. காரணத்தை நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 4

மழை பெய்கிறது, கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 7

லான்ரூஸ்ட் தேவாலயத்தை ஒட்டி 1633இல் கட்டிய சிற்றாலயத்தில் லெவெலினின் கல்சவப்பெட்டி தரையிலேயே கிடக்கிறது. பக்கங்களில் நான்கிதழ் வடிவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். மூடியும் இல்லை, உடலும் இல்லை. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது மைனன் மடமும் போயிற்று. பெட்டி மட்டும் இங்கே வந்து சேர்ந்தது. இவர் அதன் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தார். நான் கவனித்தது அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 8

அந்தப் பெட்டி காலியாக இருப்பது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11

போமாரிஸ் தேவாலயத்தின் முகப்பு மண்டபத்தில், லெவெலினின் மனைவி ஜோனுடையது என்று வழங்கும் கல்சவப்பெட்டி இருக்கிறது. அதுவும் காலிதான். இங்கிலாந்து அரசன் ஜானின் மகளான அவள், வில்லியம் டி பிரவோசுடன் தனியறையில் பிடிபட்டாள். 1230இல் அவனைத் தூக்கிலிட்ட லெவெலின், அவளைச் சிறைவைத்து, பின்னர் மன்னித்து ஏற்றுக்கொண்டான். 1237இல் அவள் இறந்தபோது அவள் நினைவாக லான்வைஸில் பிரான்சிஸ்கன் மடம் ஒன்றையும் நிறுவினான். அந்த மடமும் அழிந்தபின் இந்தப் பெட்டி குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்ததாம். எட்வர்டு கட்டிய எந்தக் கோட்டையைவிடவும் இந்த இருவரின் கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் கோட்டைக்குள்ளும் போனோம். 1295இல் தொடங்கியது; இன்றுவரை முடியவில்லை. கட்டடத் தலைமைச் சிற்பி ஜேம்ஸ் 1296 பிப்ரவரியில் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது: 400 கொத்தர்களும் 2,000 எடுபிடி ஆட்களும் வேலை செய்கிறார்கள், வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும், கடவுள் பெயரால் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று மன்றாடியிருக்கிறார். பணமோ ஸ்காட்லாந்துப் போருக்குப் போயிற்று. கோபுரங்கள் முழு உயரத்தை எட்டவேயில்லை. பதிலுக்காகக் காத்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டது எனக்கு ஏனோ தெம்பாக இருந்தது.

ஏப்ரல் 12

கடிதம் வந்தது. 16ஆம் தேதி இருவரும் வர வேண்டும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதற்குள் எட்வர்டின் இன்னொரு கோட்டையான ஹார்லெக்கைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் இவர். கடல்வாசலிலிருந்து 108 படிகள் ஏற வேண்டும் என்றேன். மேல்வாசல் வழியாகப் போனால் படியே வேண்டாம் என்று முன்பே படித்து வைத்திருக்கிறார்.