கீமோ வேண்டாம் என்றார்கள்

ஆகஸ்ட் 5, 2025

அக்காவின் மார்பகக் கேன்சர் கட்டியில் செய்த மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது: 17. ஆபரேஷனில் எடுத்த கட்டியில் 21 மரபணுக்களைப் பார்த்து, நோய் திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "கீமோ தேவையில்லை. ரேடியேஷன், அப்புறம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, போதும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் டாக்டரைப் பார்த்தேன். சந்தோஷப்படலாமா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆகஸ்ட் 7

போன் மேல் போன். "கீமோ குடுக்கலன்னா கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்று பெரியம்மா அழுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேன்சர் என்றாலே முடி கொட்டியாக வேண்டும் என்றுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. 2018-ல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், எல்லோருக்கும் அக்காவுக்கு வந்த வகைதான்: ஹார்மோனால் வளர்வது, நெறிக்கட்டுக்குப் பரவாதது. மதிப்பெண் 11-லிருந்து 25-க்குள் இருந்தவர்களில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் கீமோவும் சேர்த்து எடுத்தவர்களும் ஒன்பது வருஷம் கழித்தும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஐம்பதும் அதற்குக் கீழும் வயதானவர்களில் மதிப்பெண் 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. அக்காவுக்கு 58.

புது மருந்து வந்தால் தலைப்புச் செய்தி, இருக்கிற ஒரு சிகிச்சையை நிம்மதியாக விட்டுவிடலாம் என்று கண்டுபிடித்தால் யாரும் சீண்டுவதில்லை.

செப்டம்பர் 10

ரேடியேஷன் மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. முன்பெல்லாம் ஐந்து வாரம், பிறகு மூன்று வாரம் என்றானது. 2020-ல் பிரிட்டனில் வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, மொத்தம் 26 கிரே அளவு கதிரை ஐந்தே தடவையில் கொடுத்தாலும் நோய் திரும்புவது கூடுவதில்லை என்று காட்டியது.

அக்காவுக்கு இடது பக்கம், அதனால் மூச்சுப் பயிற்சி வேறு. நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து இதயம் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகும், அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாயும். மூச்சு இறங்கினால் மெஷின் தானாக நின்றுவிடும். மேலே ஒரு சின்னத் திரையில் பச்சைப் பட்டை, தன் மூச்சின் கோட்டை அதற்குள் நிறுத்த வேண்டும். "வீடியோ கேம் மாதிரி இருக்குடா" என்றபடி வெளியே வந்தாள். மார்பில் மூன்று மைப்புள்ளி, குளிக்கும்போது தேய்க்கக் கூடாதாம்.

அக்டோபர் 3

செக்கப். பக்கத்து நாற்காலியில் இம்யூனோதெரபி எடுக்கும் ஒரு அண்ணன். ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் வாங்கித் தந்த சங்கதி இது: நம் எதிர்ப்பு அணுக்களைக் கட்டிப்போடும் பிரேக்கை எடுத்துவிடுவது. முடி கொட்டவில்லை, ஆள் தெம்பாக இருக்கிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, அதை நர்ஸிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். உடனே சொல்லுங்கள் அண்ணா என்றேன். பிரேக் இல்லாத அணுக்கள் குடலையே தாக்கலாம், அது சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை, ஸ்டீராய்டு வரை தேவைப்படலாம்.

நவம்பர் 14

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அக்காவுக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. பாட்டில் மூடியை என்னிடம் நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. "உயிரைக் காப்பாத்தினவங்ககிட்ட போய் விரல் வலிக்குதுன்னு சொல்றதா?" என்கிறாள். இந்தக் கூச்சம்தான் ஆபத்து. மூட்டு வலியால் மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. 2017-ல் வந்த ஒரு ஆய்வில், பரவிய கேன்சருக்குக் கீமோ எடுத்த 766 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினியில் பதிந்துகொண்டே வந்தார்கள், மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 26 மாதம், பதிந்தவர்களுக்கு 31. புதிதாக ஒரு மருந்தும் இல்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். அக்காவின் நிலைமை வேறு என்பது சரி, ஆனாலும் சொல்லாமல் இருக்க இது காரணமில்லை.

நானே போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், அதே வகையில் வேறொன்று. கூடவே தினமும் நடை, வாரத்தில் இரண்டு நாள் லேசான எடை தூக்கும் பயிற்சி, இது இந்த மூட்டு வலியைக் குறைக்கும் என்றார். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுக்க வேண்டுமாம், இந்த மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும். அதற்குத் தேதி இன்னும் தரவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.